நீலியின் சொல்

'நீலிக் கண்ணீர்' என்பதை வகுப்பில் மரபுத்தொடர்ப் பட்டியலில் வைத்துத்தான் நடத்துவோம். முதலைக் கண்ணீருக்கு அடுத்ததாக வரும். பொருள்: பொய்யழுகை. மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். அடுத்த தொடருக்குப் போய்விடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, நீலி எங்க ஊரு" என்றாள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்க்காரி அவள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்க ஆயா அழுதா எங்க தாத்தா சொல்லும், நீலி மாதிரி அழாதன்னு. ஆயா எதுக்கு அழுவுதுன்னு கேக்கவே கேக்காதும்மா."

அன்றைக்கு நான் கதையைச் சொல்லி, மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன். அவள் கதையைக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒருவரின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்பதை அவர் பேசத் தொடங்கும் முன்பே எது முடிவு செய்கிறது என்று அவள் கேட்டிருந்தாள். அதற்கான பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடிவங்கள் பல உண்டு. எங்கள் பக்கம் பேச்சில் இருப்பது ஏறத்தாழ இப்படி: காஞ்சிபுரத்துப் பார்ப்பனன் ஒருவன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே இன்னொருத்தியை மணக்கிறான். திரும்பும் வழியில், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, திருவாலங்காட்டுக்கு அருகே அவளைக் கொன்றுவிடுகிறான். கூட வந்த அவளுடைய அண்ணனும் சாகிறான். மறுபிறவியில் அவன் காஞ்சியில் செட்டியாகப் பிறக்கிறான். அவள் நீலி என்ற பேயாகிறாள். பேயால் சாவு என்று சோதிடர் சொன்னதால் அவன் கையில் எப்போதும் ஒரு மந்திரக் கத்தி.

வணிகத்துக்காகப் பழையனூர் வழியாக அவன் வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி பின்தொடர்கிறாள். அவன் ஓடிப்போய் ஊர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறான்: இவள் என் மனைவி இல்லை, என்னைக் கொல்ல வந்த பேய். அவள் அழுகிறாள்: இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார். குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். அது நேரே அவனிடம் போய் அப்பா என்கிறது. ஊர் முடிவு செய்துவிடுகிறது. கணவனும் மனைவியும் இரவு ஒரே வீட்டில் தங்கட்டும். "அவர் கையில் கத்தி இருக்கிறது, என்னைக் கொன்றுவிடுவார்" என்கிறாள் நீலி. கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள். "உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் அதற்கு ஈடு" என்று செட்டியிடம் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் குடல் சரிந்து கிடக்கிறான். எழுபது பேரும் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தக் கதையைக் குறிப்பிடுகிறார். சேக்கிழாரும் அறிந்திருந்தார். பழையனூரில் அந்த வேளாளருக்கு நினைவிடம் இருக்கிறது. தொண்டை நாட்டார் சொன்ன சொல் தவறாதவர்கள் என்பதற்கு இதைத்தான் சான்றாகச் சொல்வார்கள். நீலிக்கு மிஞ்சியது ஒரு மரபுத்தொடர்.

இந்தக் கதையைப் பெண்கள் படிக்க வேண்டிய விதத்தில் நாம் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். இதில் ஓர் ஆணின் அச்சத்தை ஊர் நம்பவில்லை. ஓர் இரவு, ஒரே ஒரு முறை. அதற்கு எழுபது உயிர், ஒரு நினைவிடம், 1,300 ஆண்டுக்கும் மேலான ஞாபகம். செட்டியின் இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். "இந்த ஆளோடு ஒரே வீட்டில் படுக்கமாட்டேன், கொன்றுவிடுவான்" என்று அவள் சொல்கிறாள். ஊர்ப்பெரியவர்கள் சொல்கிறார்கள்: "உன் வீட்டுக்காரர்தானேம்மா. போ, நாங்க இருக்கோம்." இது கதையே இல்லை. எந்தத் தெருவிலும் எந்த வாரமும் நடப்பது. 1992-ல் தமிழகத்தில் மகளிர் காவல் நிலையங்கள் வந்த பிறகும், சமாதானம் பேசி அனுப்பிவைப்பதை ஒரு தீர்வாகவே நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அனுப்பிவைத்த பிறகு அவள் செத்தால் வாக்குக் கொடுத்தவர்கள் யாரும் தீக்குழியில் இறங்குவதில்லை. இழவு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலி சொன்னதில் பொய் எவ்வளவு? இவன் என் கணவன் என்றாள். இருந்தவன்தான். இவன் என்னைக் கொல்வான் என்றாள். கொன்றவன்தான். ஒரு பிறவி தாமதமாகச் சொன்னாள், அவ்வளவுதான். குழந்தை மட்டுமே பொய். கொலை செய்யப்பட்ட பெண் தன் கொலையைச் சொல்ல ஒரு பொய்க் குழந்தை தேவைப்பட்டது. குழந்தையில்லாத பெண்ணின் சொல்லுக்கு அந்தச் சபையில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுபது பேர் செய்த பிழை எது? நீலியை நம்பியது பிழை என்று மரபுத்தொடர் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேர் வந்து ஒருவரையொருவர் சுட்டி "கொன்றுவிடுவார்" என்கிறார்கள். அன்றிரவே உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. இரண்டு அச்சத்தையும் மதித்து இரண்டு வீட்டில் படுக்கவைத்திருந்தால் போதும், கதையே இல்லை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சபை முன்பே நம்பியிருந்தது. குழந்தையின் சாட்சி அதற்கு வாகாக வந்து சேர்ந்தது. சான்றைப் பார்த்து முடிவுக்கு வந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். முடிவை வைத்துக்கொண்டுதான் சான்றைப் பார்த்தார்கள்.

தகவல் மீதான நம்பிக்கைக்கும் அரசியல் நிலைப்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது, தகவல் முதலில் வருகிறது, அதை நம்புகிறோம், பிறகு நிலைப்பாடு உருவாகிறது என்ற வரிசையில் பேசுகிறோம். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. யார் நம்மவர், யார் அந்நியர், குடும்பம் எப்படி இருக்க வேண்டும், பெண் எப்படி அழ வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தகவல் அந்தத் தீர்மானத்தின் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே விடுவதும் துரத்துவதும் அதன் கையில்.

சிலப்பதிகாரத்திலும் ஒரு நீலி இருக்கிறாள். பலர் கவனிக்காத நீலி. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு பழங்கதை சொல்கிறது. கலிங்கத்தில் சிங்கபுரம், கபிலபுரம் என்று இரண்டு நகரங்கள், இரண்டு அரசர்கள், பகை. சங்கமன் என்ற வணிகன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு அணிகலன் விற்க வருகிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன், இவன் பகைநாட்டு ஒற்றன் என்று சொல்லிவிடுகிறான். விசாரணை இல்லை. சங்கமன் கொல்லப்படுகிறான். நீலி தெருத்தெருவாக அழுது திரிகிறாள். பதினான்கு நாள் கழித்து, எமக்கு இதைச் செய்தவர் இதையே அடைக என்று சபித்து மலையிலிருந்து விழுந்து உயிரைவிடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலனாகப் பிறந்தான் என்று முடிக்கிறது தெய்வம்.

ஊழ்வினைக் கணக்கை நேர் செய்யத்தான் காப்பியம் இந்தக் கதையைப் பயன்படுத்துகிறது. எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை. வெளியூரிலிருந்து பொருள் விற்க வந்தவன், 'ஒற்றன்' என்ற ஒரு சொல், ஒரு சாவு. 2018 மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

அந்த மாதம் குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருப்பதாக வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. எங்கள் குடும்பக் குழுவுக்கு அது ஒரு பெண் குரலாக வந்தது. "அக்கா, பசங்கள வெளிய உடாதீங்க. வடக்கத்தி ஆளுங்க நிறையப் பேரு எறங்கியிருக்காங்களாம்." நம் தெருவில் யாரோ ஒருத்தி பேசுவதுபோலவே இருந்தது. பின்னால் குழந்தை ஒன்று அழுகிற சத்தம்கூடக் கேட்டது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த 65 வயதுச் சென்னைப் பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். குழந்தையைப் பார்த்தால் கையில் எதையாவது கொடுக்காமல் போகத் தெரியாத எத்தனையோ பாட்டிகளில் ஒருவர் அத்திமூரில் செத்தார். கொன்ற கூட்டமும் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தது.

அந்தக் குரல்பதிவை நான் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். முனைவர் பட்டம் வாங்கியவள், பிரதியை ஐயத்தோடு வாசிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பினேன். அத்திமூர்ச் செய்தி வந்ததும் அழித்தேன். அழித்தால் அனுப்பியது இல்லையென்று ஆகிவிடாது.

திருத்தணியில் இருந்துகொண்டு நான் அதை நம்பியதுதான் இன்னும் வெட்கம். மொழிவாரி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்தோடு போய், ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பாதி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் படியேறும் கூட்டத்தில் யார் எந்த மாநிலம் என்று பிரிக்க முடியாது. ஆனால் அந்த மே மாதம், பல வருஷமாகத் தலைமுடி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்க வருகிற நகரிப் பக்கத்துப் பெண்கள் இருவரை எங்கள் தெரு ஆதார் அட்டை காட்டச் சொன்னது. கேட்டவர் வீட்டிலும் தெலுங்குதான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

காவல்துறை வதந்தி என்று அறிவித்தது. பலர் நம்பவில்லை. "போலீஸ் மறைக்குது" என்றார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையைக் காணவில்லை என்று போனபோது "ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்ல தேடிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அதே வாயிலிருந்து வரும் "பயப்படாதீர்கள்" என்பதை எப்படி நம்புவார்கள்? தங்களை நம்பாத நிறுவனத்தை மக்களும் நம்புவதில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு தாயின் குரல்போல எது வந்தாலும் உட்கார்ந்துகொள்ளும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. வேகம் குறைந்திருக்கலாம். வெற்றிடம் அப்படியே இருக்கிறது.

2023 மார்ச்சில் அது மறுபக்கமிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று அங்கே காணொளிகள் பரவின. வேறு சம்பவங்களின் வன்முறைக் காட்சிகள் அவை. பீகார் அரசு நேரில் பார்க்க ஒரு குழுவையே அனுப்ப வேண்டியிருந்தது. தமிழரைப் பற்றி அங்கே முன்பே ஒரு முடிவு இருந்தவர்கள் உடனே நம்பினார்கள். நாம் கோபப்பட்டோம். ஐந்தாண்டுக்கு முன் நாம் அவர்களைப் பற்றி எதை நம்பினோம் என்பது யாருக்கும் நினைவில்லை.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். அதே 2018-ன் கடைசியில் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மேலாளர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கூட யார் இருந்தார்கள், குறுஞ்செய்தி ஏதாவது இருக்கிறதா, அந்த நேரத்தில் நீ ஏன் அங்கே போனாய், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே போனேன். புகார் நிற்க வேண்டுமே என்ற அக்கறையில் கேட்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீ டூ இயக்கத்தை ஆதரித்து அக்டோபரில்தான் கவிதை எழுதியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா" என்று போய்விட்டாள்.

முகம் தெரியாத குரலிடம் கேட்காத கேள்விகளை எல்லாம் முகத்துக்கு நேரே நின்ற பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். யார் சொன்னாலும் பொருளைப் பார் என்ற குறளை வருஷந்தோறும் நடத்துகிறேன். குரல்பதிவிலும் நான் பொருளைப் பார்க்கவில்லை. மாணவியிடமும் பார்க்கவில்லை. முதலாவது என் உலகத்தைக் கலைக்கவில்லை, ஆபத்து வெளியே இருக்கிறது என்றது. இரண்டாவது, ஆபத்து நாம் மரியாதையாகக் கும்பிடு போடும் இடத்தில் இருக்கிறது என்றது. என் நம்பிக்கை எளிதான பக்கம் சாய்ந்தது.

நாடளவிலும் இதே சாய்வுதான். 2019-ல் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்தபோது அதிமுக ஆட்சி. திமுக வீதிக்கு வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்முறைக்கு ஆளானபோது திமுக ஆட்சி. "யார் அந்த சார்?" என்று அதிமுக சுவரொட்டி ஒட்டியது. முதல் முறை "பாவம் அந்தப் பொண்ணு" என்ற எதிர்வீட்டு அண்ணன், இரண்டாம் முறை "தேர்தல் வருதுல்ல" என்றார். முதல் முறை "ஏன் அவங்ககூடப் போனாங்க" என்று கேட்ட இன்னொருவர், இரண்டாம் முறை பெண்கள் பாதுகாப்பைப் பற்றி மனம் உருகினார். அந்தப் பெண்கள் சொன்னது என்ன என்பது இருவருக்குமே இரண்டாம் பட்சம். தங்கள் கட்சிக்கு உதவுகிற கண்ணீர் உண்மையான கண்ணீர். மற்றது நீலிக் கண்ணீர்.

இரண்டு வழக்கிலும் மாறாத ஒன்று உண்டு. இரண்டு முறையும் புகார் கொடுத்தவரின் அடையாளம் அரசின் கையிலிருந்தே வெளியே போனது. முதலில் காவல் அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும், பின்னர் முதல் தகவல் அறிக்கை வழியாகவும். இரண்டு முறையும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று 2025 மே 13-ல் தீர்ப்பு வந்தது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஜூன் 2-ல், முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை. நீதிமன்றம் நம்பிவிட்டது. அதற்காகப் பொள்ளாச்சிப் பெண்கள் ஆறு ஆண்டு, பெயரில்லாமல், ஊர் வாய்க்குப் பயந்து, சொன்ன சொல்லில் நிற்க வேண்டியிருந்தது. எழுபது பேர் சொல் தவறாததைக் கொண்டாடும் மரபு, இவர்கள் சொல் தவறாததை எந்தக் கல்லில் வெட்டும்?

மூன்றாவது நீலியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர் நீலியேதான். உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த அவளை வடக்கே அழைக்கிறார்கள். அவர் அஞ்சவில்லை. அவள் அவரிடம் அறம் கேட்டு, துறவியாகி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என எல்லோரிடமும் சான்று கேட்கிறாள். பொய்யழுகைக்குப் பெயரான பெண், இந்த நூலில் தருக்கத்துக்குப் பெயராகிறாள். ஒரே ஊர், ஒரே பேய். சைவ மரபில் நம்பத்தகாதவள். சமண மரபில் மற்றவர் நம்பிக்கையை உரசிப் பார்ப்பவள். சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் வாய் பொய்யாகவும் மெய்யாகவும் மாறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் இலக்கியத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் நீலகேசியையும் நான் முழுதாகக் கொண்டாட மாட்டேன். அவள் எல்லாச் சமயத்தையும் ஐயுறுகிறாள், தன் சமயத்தைத் தவிர. அவள் தோற்கிற வாதம் ஒன்றுகூட நூலில் இல்லை. எதிர்முகாமின் செய்தியை வரிவரியாகப் பிரித்து உண்மை சரிபார்க்கும் நாமும், நம் முகாமின் செய்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறோம். பெண்ணியவாதிகளாகிய நாமும் விலக்கல்ல. நமக்குப் பிடிக்காத ஆண்மீது புகார் வந்தால் அன்றே பதிவு எழுதுகிறோம். நம் தோழர்மீது வந்தால் "விசாரிக்கட்டும்" என்கிறோம்.

பெண் சொன்னால் கேள்வியே கேட்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தக் குரல்பதிவும் பெண் குரல்தான். கேள்விகளை இடம் மாற்றச் சொல்கிறேன். என் மாணவியிடம் கேட்டவற்றை அடுத்த முறை கைபேசியிடம் கேட்பேன்: எத்தனை மணிக்கு, எந்த ஊரில், நேரில் பார்த்தவர் யார், இதை நம்பினால் யார்மீது அடி விழும்? அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தால் உனக்குப் பயமில்லை? உண்மையை விடிந்த பிறகு விசாரிக்கலாம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். எண் மாறவில்லை. வேலையில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை. "அன்றைக்கு உன்கிட்ட அவ்வளவு கேட்டிருக்கக் கூடாதும்மா. நம்பியிருக்கணும்" என்றேன். வெகுநேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அன்னிக்கு மீதிய நான் சொல்லவே இல்லம்மா" என்றாள். சொல் என்றேன்.